கோட்டுச்சாரும் அக்காவின் கைப்பட்டையும்

அலுவலகத்தில் அவருக்குக் கோட்டுச்சார் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கோட்டு போட்ட ஒருவரைத் தேடி மூன்றாவது மாடி முழுக்க அலைவார்கள். கடைசியில் யாராவது ஜன்னலோரத்தைக் கைகாட்டுவார்கள். அங்கே முழங்கை தேய்ந்த சாம்பல் நிறச் சட்டையோடு ஒருவர் மேசைமேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். "கோட்டு போடற சார் இல்லீங்க, கோடு போடற சார்" என்பார்கள்.

அது காப்புரிமை வாங்கித் தரும் அலுவலகம். யாராவது ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்து, அதை வேறு யாரும் செய்து விற்கக்கூடாது என்று அரசாங்கத்திடம் உரிமை கேட்க வேண்டுமென்றால் இங்கே வருவார்கள். பொருளை எழுத்தில் விவரிப்பது அலுவலகத்தை நடத்தும் மேடத்தின் வேலை. அதையே படமாக வரைந்து கொடுப்பது கோட்டுச்சாரின் வேலை. கறுப்புக் கோடுகள் மட்டும்தான் இருக்கலாம். அழகுக்கென்று ஒரு புள்ளிகூடக் கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண், எண்ணிலிருந்து பாகம்வரை ஒரு மெல்லிய கோடு. மனிதக் கை, கால் எதுவும் படத்தில் வந்தால் அதைப் புள்ளிக்கோட்டால் வரைய வேண்டும். கை யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை அல்லவா.

இருபத்தாறு வருடத்தில் அவர் வரையாத சாமான் இல்லை. பற்பசை மூடி, ஒரு கையால் மடக்கும் குடை, சொட்டாத எண்ணெய்ப் புட்டி, குழந்தைகள் திறக்க முடியாத மாத்திரை டப்பா, ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் சென்சார்கள் விதவிதமாக முப்பதுக்குமேல். வெளியே போனால் இது ஒரு தொல்லை. தரை துடைக்கும் மாப் வாங்கக் கடைக்குப் போனால் அதன் கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "இந்தக் கழுத்த நான்தான் வரைஞ்சேன்" என்பார்.

"அப்ப நீங்களே துடைங்க" என்பார் மனைவி.

இவ்வளவு வரைந்ததில் ஒரு மிதப்பும் வந்திருந்தது. எதைப் பார்த்தாலும் இது ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லும் மிதப்பு. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது; கெடுதல் அங்கேதான் தொடங்கியது.

அவருக்கு ஓர் அக்கா. நான்கு வயது மூத்தவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் சந்தில் ஒற்றை அறையில் தையல் கடை வைத்திருந்தார். புதுத்துணி தைக்கிற கடை இல்லை. பேன்ட்டைக் குட்டையாக்குவது, சட்டையைப் பிடித்துத் தருவது, ஜிப் மாற்றுவது, சோபா உறைக்கு ஓரம் அடிப்பது. முப்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. ஊசியும் கையுமாக இருபது வருடம் ஓட்டிய பிறகு, டாக்டர் மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைக் கொடுத்தார். இரண்டு நாணயத்தை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். அடியில் முடி கனத்தில் ஒரு கம்பி தோலுக்குள் போகும். எண் ஃபோனில் தெரியும். சர்க்கரை இறங்கினால் ஃபோன் கத்தும்.

அதில்தான் சிக்கல். அக்காவுக்கு இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம் வரும். உடம்பின் பாரம் சென்சாரை அமுக்கினால் அது சர்க்கரை இறங்கிவிட்டதாகத் தப்புக் கணக்குப் போட்டுக் கத்தும். அக்கா அரைத் தூக்கத்தில் எழுந்து சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுவார். காலையில் பார்த்தால் எண் எகிறியிருக்கும். பற்றாக்குறைக்குச் சட்டைக் கை பட்டு சென்சார் வாரத்துக்கு ஒன்று பிய்ந்து விழும்.

அக்கா தையற்காரி. சோபா உறையின் ஓரத்தில் உள்ளே வைத்துத் தைக்கும் தடித்த கயிறு கடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. நீளும் துணியில் ஒரு கைப்பட்டை தைத்து, அதன்மேல் அந்தக் கயிற்றைக் குதிரை லாடம்போல வளைத்து மேடாக வைத்துத் தைத்தார். சென்சார் லாடத்தின் நடுவே உட்கார்ந்துகொள்ளும். ஒருக்களித்துப் படுத்தால் பாரம் கயிற்றுமேட்டில் விழும், சென்சார்மேல் விழாது. முழுவட்டமாக வைத்தபோது வேர்வை தேங்கிப் பசை விட்டுப்போனதால், அடிப்பக்கம் திறந்த லாடமாக மாற்றினார். ஏழு பட்டை வீணானது. எட்டாவது சரியாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். கோட்டுச்சார் அலமாரிக் கதவின் கீலைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாரேன்."

"என்னக்கா இது?"

"சென்சாருக்குத் தச்சேன். மூணு வாரமாச்சு, ஒரு தடவகூட ராத்திரி கத்தல. இத உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்க முடியுமா? என்ன மாதிரி எத்தன பேர் தூக்கமில்லாம இருக்காங்க."

அவர் கையைத் துடைக்காமலே வாங்கி இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். கயிற்றில் லேசாக எண்ணெய்க் கறை பட்டது.

"இதெல்லாம் ஏற்கெனவே இருக்கும்க்கா."

"நீ பாத்திருக்கியா?"

"கைப்பட்டைன்னு தேடினாலே நூறு வரும்."

"லாடம் மாதிரி வச்சது?"

"எல்லாம் இருக்கும்."

அக்கா பட்டையை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. "இருந்தா நல்லதுதான். எங்க கிடைக்கும்னு சொல்லு, வாங்கிக்கறேன். எனக்கும் தைக்கற வேல மிச்சம்" என்றார்.

கோட்டுச்சார் மறுபடி கீலைக் கையில் எடுத்தார். "பாத்துச் சொல்றேன்" என்றார். பார்க்கவில்லை. அந்த வாரம் ஏதோ ஒரு துவைக்கும் இயந்திரத்துக்கு நாற்பது படம் வரைய வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வேறொன்று. அப்புறம் மறந்தே போனார். ஆனால் அந்த மத்தியானமே உள்ளுக்குள் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது: முப்பது சென்சார் வரைந்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

அக்கா அதற்காக முடங்கிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற அம்மாள் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், அவருக்கு ஒன்று. அவர் சொல்லி ஒரு நர்ஸ், நர்ஸ் சொல்லிப் பத்துப் பேர். பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார், மேற்கை பதினைந்து அங்குலம். "இது கையா, தலையணையா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா அளவெடுத்தாராம். கடையின் கண்ணாடியில் ஒரு பட்டை தொங்க ஆரம்பித்தது. வருகிற ஒவ்வொருவரின் கையளவையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அது தையற்காரர்களின் பழக்கம். இப்படி மூன்றரை வருடம் ஓடியது.

பிறகு ஒரு நாள் அலுவலகத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அனுப்பியது ஆஸ்பத்திரிச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனி. கோட்டுச்சார் வழக்கம்போல மாதிரிப் பொருளை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். ரப்பர் மாதிரியான சாம்பல் நிறப் பட்டை. நடுவே லாட வடிவில் மேடு. அடிப்பக்கம் திறப்பு.

கூட வந்த விவரக்குறிப்பை மூன்று தரம் படித்தார். இரண்டு இன்ஜினியர்கள் ஒரு வருடம் உட்கார்ந்து, எந்த வளைவில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்து, அட்டவணை போட்டு இந்த வடிவத்துக்கு வந்திருந்தார்கள். அக்காவின் கடை இருக்கும் திசைகூட அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. திருட்டாக இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள ஓர் ஆளாவது கிடைத்திருப்பான்.

சட்டம் அவருக்கு மனப்பாடம். விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்பே ஒரு பொருள் ஊர் அறியப் புழக்கத்தில் இருந்தால் அது புதியது ஆகாது. காப்புரிமை கொடுத்தாலும் நிற்காது. அக்காவின் பட்டை மூன்றரை வருடமாகக் கண்ணாடியில் தொங்குகிறது. அலுவலகத்துக்கு வரும் சங்கதியை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர் அவர். ஆகவே அக்காவிடம் சொல்ல முடியாது. ஆனால் மேடத்திடம் சொல்லலாம்.

எழுந்து போனார். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க சார்."

வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். உங்க அக்கா உங்ககிட்ட முதல்ல காட்டலியா? காட்டினாங்க. நீங்க என்ன சொன்னீங்க?

"ஒண்ணுமில்ல மேடம். குறுக்குவெட்டுப் படம் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமான்னு கேக்கலாம்னு."

"ரெண்டாவே போட்டுடுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு: சோறு போடுகிற இடம், இவ்வளவு வருடம் நம்பியவர்கள், அவர்களுடைய வாடிக்கையாளருக்கு எதிராகச் சொந்தக்காரருக்குப் பரிந்து பேசலாமா என்று. அதில் ஒரு கௌரவமும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஒன்பது படங்களையும் வரைந்து முடித்தார். நான்காவது படத்தில் பட்டையை மாட்டியிருக்கும் கை வரவேண்டும். புள்ளிக்கோட்டில் வரைந்தபோது அது தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுகிறவர் கை மாதிரி, முழங்கை கொஞ்சம் வெளியே தள்ளி வந்தது. அழித்துவிட்டு இன்னொரு கையை வரைந்தார்.

"நீங்க வரைஞ்சதுலயே சுத்தமான செட் இது" என்றார் மேடம்.

காப்புரிமை இரண்டேகால் வருடத்தில் கிடைத்தது. பட்டை நீல அட்டைப்பெட்டியில் மருந்துக் கடைகளுக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சந்திலுள்ள மருந்துக் கடைக்குச் சரக்குப் போட வந்த விற்பனைக்காரர், எதிரே தையல் கடைக் கண்ணாடியில் தொங்கியதைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதக் கடைசியில், ஒரு வேலைநாள் சாயங்காலம், கடையை மூடிவிட்டு அக்கா தம்பி வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கையில் உறையை நீட்டினார்.

"இது உங்க ஆபீஸ் பேரு தானே?"

ஆமாம். தாளின் தலைப்பில் அலுவலகத்தின் பெயர், அடியில் மேடத்தின் கையெழுத்து. எங்கள் கட்சிக்காரரின் காப்புரிமையை மீறும் பொருளைச் செய்வதையும் விற்பதையும் உடனடியாக நிறுத்தவும், தவறினால் வழக்கு. இப்படி ஒரு கடிதம் போயிருப்பது கோட்டுச்சாருக்குத் தெரியாது. கடிதங்கள் அவர் மேசைக்கு வருவதில்லை.

"நான் மீறிட்டேன்னு போட்டிருக்கு. நான் எதத் தாண்டினேன்? என் கடையில உக்காந்து தச்சேன்" என்றார் அக்கா.

"அது சட்ட பாஷைக்கா."

"சரி, நான்தானே முன்னாடி செஞ்சேன்? அது கணக்குல வராதா?"

கோட்டுச்சாரின் மனைவி அடுப்படியிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"யாரு முதல்ல விண்ணப்பம் போட்டாங்களோ அவங்களுக்குத்தான் உரிமை" என்றார் கோட்டுச்சார். அது பொய் இல்லை. பாதி.

"அப்ப நிறுத்தணுமா?"

"நிறுத்திடுக்கா. பெரிய இடம். கோர்ட்டு, வக்கீல்னு உன்னால அலைய முடியாது."

அக்கா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "நீ சொன்னா சரி. இது உன் தொழிலு, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தருகிறேன் என்று தம்பி மனைவி தடுத்தும் அக்கா நிற்கவில்லை.

மறுநாளே கண்ணாடியிலிருந்த பட்டை இறங்கிவிட்டது. பத்து நாள் கழித்துப் பேன்ட் ஜிப் ஒன்றை மாற்றக் கோட்டுச்சார் கடைக்குப் போயிருந்தார். ஜிப் ஒரு சாக்கு. அக்கா எப்படி இருக்கிறார் என்று பார்க்கத்தான் போனார். அப்போது பேருந்து ஓட்டுநர் உள்ளே வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். கம்பெனிப் பட்டை இருந்த இடமெல்லாம் சிவந்து, வரிவரியாகத் தடித்திருந்தது.

"ரப்பர் எனக்கு ஒத்துக்கல. எட்டு மணி நேரம் ஸ்டீரிங் பிடிக்கறேன், வேர்த்துக் கொட்டுது. துணில ஒண்ணே ஒண்ணு தச்சுக் குடுங்க. யாருக்கும் காட்டமாட்டேன், சட்டைக்குள்ளதான் இருக்கப்போவுது."

"முடியாதுங்க."

"பழையது பிஞ்சுபோச்சு. அதையாவது ஒட்டுப் போட்டுக் குடுங்க."

"தைக்கக்கூடாதுன்னா தைக்கக்கூடாதுதான். என் தம்பி சொல்லிட்டான், அவன் அந்த வேலையில இருக்கறவன்" என்று அக்கா கோட்டுச்சாரைக் காட்டினார்.

ஓட்டுநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, மரியாதையாகத்தான் பார்த்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு படியிறங்கினார். கோட்டுச்சார் பேன்ட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம். சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் வேலைக்குப் போனார், வரைந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்துகொண்டுதான் இருந்தார். கைப்பட்டைப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் எடுப்பாரோ என்று கோட்டுச்சார் ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அக்கா வாசலைத் தாண்டியதும்தான் மூச்சு வரும். பாசமாக இருந்த ஒன்று இப்படித் தண்டனைபோல ஆகிவிட்டதே என்று மனைவியிடம்கூடச் சொல்ல வழியில்லை. இதற்கிடையில் சர்க்கரை அக்காவின் கண்ணுக்குப் போய்விட்டது. விழித்திரையில் ரத்தம் கசிந்தது. முதலில் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியவில்லை, பிறகு வெள்ளை நூலும். கடையைக் காலி செய்துவிட்டு, மாடி வீட்டோடு இருந்துகொண்டார். துணைக்குக் கீழ்வீட்டு டீச்சர்.

ஐந்தாவது வருடம் அலுவலகத்துக்கு ஒரு சீப்பு வழக்கு வந்தது. சிக்கெடுக்கும் சீப்பு. பல் ஒன்றுவிட்டு ஒன்று குட்டையாக இருக்கும். அதற்கு ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் மேடத்திடம் வந்தார். எட்டு வருடத்துக்கு முன்பே தன் கடையில் இதே சீப்பைத் தானே அறுத்துச் செய்து வைத்திருந்ததாகச் சொன்னார். சாட்சிக்குக் கடையில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், சீப்பு. அதைப் பெரிதாக்கிப் பல்லுக்குப் பல் வரைந்து கொடுத்தவர் கோட்டுச்சார். ஏழே மாதத்தில் காப்புரிமை ரத்தானது. தீர்ப்பு வந்த அன்று கடைக்காரர் மாடியேறி வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். கோட்டுச்சார் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க படத்தப் பாத்துத்தான் சார் அவங்களே வாயடைச்சுப் போனாங்களாம்."

அன்று மத்தியானம் அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பூசி மெழுகாமல், பெட்டி வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நீ முன்னாடியே செஞ்சது செல்லும்க்கா, உன் பட்டை ஒண்ணு போதும் அவங்க காப்புரிமையக் கவுக்கறதுக்கு. அக்கா துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"நான் அந்தக் கடிதாசியோட வந்தேனே, அன்னைக்கு உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்க்கா."

அக்கா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, நாலைந்து நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அளவு நோட்டுகள். அவர் பிரித்தார். தேதி, அங்குலம், இடக்கையா வலக்கையா என்று குறிப்பு. நர்ஸ், பத்தேகால். பால்காரர், பன்னிரண்டு. ஓட்டுநர், பதினைந்து, மேடு இன்னும் தடிப்பாக. முதல் பக்கத்துத் தேதி, கம்பெனி விண்ணப்பம் போட்டதற்கு மூன்று வருடம் ஐந்து மாதம் முன்னால்.

"இது போதுமா இருந்திருக்குமா?"

"தாராளமா."

"இருநூத்துச் சொச்சம் பேரு. திரும்பத் திரும்ப வந்தாங்க. எல்லாரையும் முடியாதுன்னு திருப்பி அனுப்பினேன். உன் பேரச் சொல்லித்தான் அனுப்பினேன்." அக்காவின் குரல் உயரவில்லை. "இருக்கும்னு நீ மொதல்ல சொன்னபோதே எனக்குத் தெரியும், நீ பாக்காமத்தான் சொல்றேன்னு. அது பரவால்ல, உனக்கு ஆயிரம் வேல. இது அப்படி இல்ல."

"தப்புத்தான்க்கா."

"இத உங்க மேடத்துகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அங்க போய்ச் சொல்லு. ஊசிய எங்க வச்சேன்னே தெரியாதவகிட்ட இப்ப வந்து சொல்லி என்ன ஆகப்போகுது?"

மறுநாள் காலையில் அவர் மேடத்தின் அறையில் நின்றார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்று ராஜினாமாக் கடிதத்தையும் சட்டைப் பையில் வைத்திருந்தார். மேடம் முழுக்கக் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"ஆபீஸுக்குத் துரோகம் பண்ற மாதிரி ஆயிடுமோன்னு…"

"ஆபீஸுக்கா? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, இது வெளிய புழக்கத்துல இருக்கு, நிக்காது, வேற ஏதாவது இருந்தா கொண்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்? அவங்களே எனக்கு நன்றி சொல்லியிருப்பாங்க. உங்களுக்கும்தான்."

இத்தனை வருடம் கோட்டுச்சார் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு அது. விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

"அந்த நோட்டீஸ்ல கையெழுத்து என்னோடது சார்" என்றார் மேடம். "யாருக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாது. அவங்க முன்னாடியே செஞ்சாங்கன்னு உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும்."

ராஜினாமாவை அவர் கேட்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. மேடம் அன்றே கம்பெனிக்கு எழுதினார். மூன்று வாரத்தில் நாலு வரியில் பதில் வந்தது. புதிதாக வரும் சென்சார்கள் சட்டைப் பொத்தான் அளவுதான், படுத்தாலும் அமுங்குவதில்லை. ஆகையால் கைப்பட்டையைத் தயாரிப்பதை நிறுத்தியாகிவிட்டது. காப்புரிமையைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் போன வருடமே கட்டவில்லை. அது காலாவதியாகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பழைய நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாகவும், அது போயிருக்கவே கூடாது என்றும் மேடம் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தந்தார். கோட்டுச்சார் அதை எடுத்துக்கொண்டு போனார். அக்கா உறையை வாங்கித் தடவிப் பார்த்தார். படிக்கவா என்று இவர் கை நீட்டினார். அக்கா மாடிப்படியருகே போய், "டீச்சர், கொஞ்சம் மேல வர்றீங்களா? ஒரு கடிதாசி படிக்கணும்" என்று கூப்பிட்டார். டீச்சர் வந்து உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அக்கா, "நல்லா எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொல்லி, உறையை டீச்சரிடமே கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னார்.

அக்கா அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. ஃபோன் செய்தால் எடுப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார், தம்பி மனைவியின் முட்டிவலியை விசாரிப்பார். ஆனால் தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன் என்று மட்டும் எதையும் நீட்டுவதில்லை. தையல் இயந்திரங்களை விற்றது, மருந்து மாற்றியது எல்லாம் டீச்சரைக் கேட்டு. கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிவானதைக்கூடக் கோட்டுச்சார் டீச்சர் வாயால்தான் அறிந்தார், அதுவும் முந்தின நாள்.

அன்று காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் கண்ணின் உள்ளமைப்பு பெரிய படமாக மாட்டியிருந்தது. பத்தரைக்குக் கதவு திறந்து, ஒரு கண்ணில் கட்டோடு அக்கா வந்தார். டீச்சர் அவர் தோளைப் பிடித்திருந்தார்.

கோட்டுச்சார் எழுந்து நின்றார். "அக்கா, நான்தான்."

"வந்தியா" என்றார் அக்கா. "எதுக்கு வேலையக் கெடுத்துக்கிட்டு? டீச்சர் இருக்காங்களே."

மாத்திரைகளும் மாற்றுத்துணியும் இருந்த பை டீச்சரின் கையில் தொங்கியது. கோட்டுச்சார் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்காவும் டீச்சரும் மெதுவாக முன்னால் நடந்தார்கள். வழுக்கும் இடம், படி, திருப்பம் என்று டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கோட்டுச்சார் நாலடி தள்ளிப் பையோடு பின்னால் போனார்.